பூனையின் காதுக்கு நான் பொறுப்பு

இந்த வருஷம் முழுக்க எந்த டாக்டர் வாசலையும் மிதிப்பதில்லை என்று ஜனவரி முதல் தேதி தீர்மானம் போட்டேன். மனதுக்குள் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? ஒரு கையில் டீக்கோப்பை, இன்னொரு கையில் டோஸ்ட், சமையலறை நடுவில் நின்று சபைக்கு அறிவிப்பது போல அறிவித்தேன். சபையில் இரண்டு பேர். ஒன்று என் மனைவி ரேலீன். இன்னொன்று எங்கள் பூனை.

"பூனைக்கும் சேர்த்தா?" என்றாள் ரேலீன்.

"பூனைக்கும் சேர்த்துத்தான். இந்த வீட்டுல எல்லாருக்கும் உடம்பு கல்லு மாதிரி இருக்கு."

"கல்லு மாதிரிதான் இருக்கு. வச்ச இடத்தை விட்டு அசையறதே இல்லையே."

என் பெயர் நெவில். குயின்ஸ்லாந்தில், கடலோரம் இருக்கிற போவன் ஊர்க்காரன். முப்பத்துநாலு வருஷம் தக்காளியும் மாம்பழமும் ஏற்றிக்கொண்டு பிரிஸ்பேனுக்கு லாரி ஓட்டினேன். சாலையில் என்னை முந்தியவர்கள் குறைவு. வீட்டில் நான் முந்தியதாகச் சரித்திரமே இல்லை. என் மனைவியின் பெயரிலேயே பாதி ரயில் இருக்கிறது. கிளம்பிவிட்டால் நடுவில் நிறுத்தம் கிடையாது.

பூனை உச்சி முதல் வால் வரை வெள்ளை. மூக்கும் காதும் மட்டும் ரோஜா நிறம். கிறிஸ்துமஸுக்கு ரேலீன் செய்கிற பாவ்லோவா இனிப்பு மாதிரியே இருக்கிறது என்று பாவ்லோவா என்றே பெயர் வைத்தாள். அவ்வளவு நீளம் கூப்பிட எனக்குச் சோம்பல். பாவ்லா என்று சுருக்கினேன். பெயர் பொருந்திவிட்டது. தட்டை நக்கி முடித்த அஞ்சாவது நிமிஷம், மூணு நாள் பட்டினி கிடந்த மாதிரி அப்படி ஒரு பாவ்லா காட்டும்.

காலையில் வராந்தாவில் வெயில் விழுந்ததும் பாவ்லா கைப்பிடிச் சுவர் மேல் ஏறிப் படுக்கும். பக்கத்தில் நாற்காலி போட்டு நானும் சாய்வேன். ஓய்வு பெற்ற இரண்டு பேர் வேறென்ன செய்வது? பத்து மணிக்கு ரேலீன் வந்து எட்டிப் பார்ப்பாள்.

"ரெண்டும் உள்ள வாங்க. வெயில் கொளுத்துது."

"வெயில் உடம்புக்கு நல்லது."

"பன்னுக்குக்கூட அடுப்பு நல்லதுதான். நேரத்துக்கு வெளிய எடுக்கணும்."

இப்படியாகப் பிப்ரவரி வந்தது. ஒருநாள் ரேலீன் பூனையின் காதைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"நெவ், இங்க வா. இது என்ன?"

"காது."

"காதுன்னு எனக்கும் தெரியுது. காது ஓரத்துல என்ன?"

கண்ணாடி போடாமல் குனிந்து பார்த்தேன். "அழுக்கு."

"தொட்டுப் பாரு."

தொட்டேன். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. ஓரத்தில் முடி உதிர்ந்து, தோல் சிவந்து, மேலே மெல்லிசாக ஒரு பொருக்கு.

"சண்டை போட்டிருக்கும். பக்கத்து வீட்டு டல்சியோட பூனை டாஃபி கீறியிருக்கும்."

"டாஃபிக்குப் பதினாறு வயசு. வாயில பல்லே ரெண்டுதான் பாக்கி. எந்திரிச்சு நிக்கவே அது அரைமணி நேரம் யோசிக்குது. அது வேலி தாண்டி வந்து கீறிச்சாக்கும்?"

"அப்ப கொசு."

"ரெண்டு காதுலயும் ஒரே இடத்துலயா? அளவெடுத்தா கடிச்சுது?"

"தானா ஆறிடும், விடு" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் வாழ்க்கையில் பல விஷயங்களைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். புகை விடுகிற என்ஜினைப் பார்த்துக்கூடச் சொல்லியிருக்கிறேன். அந்த என்ஜின் ஆறவில்லை. ரேலீனும் விடவில்லை. மறுநாள் கூடையோடு கால்நடை டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். என் தீர்மானத்துக்கு ஆயுசு ஏழு வாரம்.

டாக்டர் ப்ரான்வின் சின்ன வயசுப் பெண். மாட்டுக்கே ஊசி போட்ட கை. பாவ்லாவின் காதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"வெள்ளைப் பூனைங்களுக்கு இது நம்ம ஊர்ல சகஜம். காது ஓரம், மூக்கு நுனி, கண்ணிமை, இங்கெல்லாம் முடியும் கம்மி, நிறமும் கம்மி. வெயில் நேரா தோலைச் சுடும். இப்போதைக்கு இது வெயில் சுட்ட தோலுதான். இப்படியே நின்னாலும் நிக்கலாம். புத்துநோயா மாறினாலும் மாறலாம்."

"மாறினா எப்படித் தெரியும்?" என்றாள் ரேலீன்.

"யாராவது விடாம கவனிக்கணும். வாரம் ஒரு நாள், அதே இடத்துல வச்சு, அதே வெளிச்சத்துல பாருங்க. போட்டோ எடுங்க. அளவு குறிச்சு வையுங்க. பெரிசானாலோ, தொட்டா ரத்தம் வந்தாலோ, மூணு வாரத்துல ஆறாம பொருக்கு மேல பொருக்கு கட்டினாலோ உடனே தூக்கிட்டு வந்துடுங்க. பகல்ல வீட்டுக்குள்ளயே வச்சுக்கோங்க. நீங்க பூசிக்கிற வெயில் கிரீமைப் பூசாதீங்க, நக்கிடும். பூனைக்குன்னு தனியா இருக்கு, தர்றேன்."

"யார் கவனிக்கிறது?" என்று கேட்டேன்.

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். ரேலீன் என் தோளில் கை வைத்தாள்.

"நெவ்தான் சரி. இவனுக்குக் கண்ணு கூர்மை. முப்பத்துநாலு வருஷம் இருட்டுல கங்காரு குறுக்க வர்றதைக் கவனிச்ச கண்ணு."

என் மனைவி வாயிலிருந்து பாராட்டு. கல்யாணத்தன்றைக்கு ஒன்று வந்தது, அதற்கப்புறம் இதுதான். விழுந்துவிட்டேன். கார் வரைக்கும் மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

போகிற வழியிலேயே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தாள். நீல அட்டை. இருநூறு பக்கம்.

"இருநூறு எதுக்கு? பூனைக்கு மொத்தமே ரெண்டு காதுதானே?"

"நீ எழுது. பக்கம் பத்தாமப் போகும் பாரு."

முதல் ஞாயிற்றுக்கிழமை. சமையலறை ஜன்னல் ஓரம், காலை ஒன்பது மணி. மடியில் பாவ்லா, மேஜையில் அளவுகோல், மூக்கில் கண்ணாடி. மூக்கு நுனியில் ஆரம்பித்தேன். இமை, காதின் வெளிப்பக்கம், உள்பக்கம், தாடை. பிறகு முடியை எதிர்த் திசையில் வகிர்ந்து வகிர்ந்து முதுகு. வயிற்றுக்கு வந்தபோது பாவ்லாவின் பொறுமை தீர்ந்தது. முடித்துவிட்டு எண்ணிப் பார்த்ததில் பூனைக்கு இரண்டு காயம், எனக்கு ஒன்பது. தோல் மாற்றம் என்று பார்த்தால் அன்றைக்கு எனக்குத்தான் அதிகம்.

ஆனால் மூணாவது வாரத்தில் ஒரு அதிசயம் நடந்தது. ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் பாவ்லா தானாக வந்து மடியில் ஏறியது. காதைத் தூக்கிக் காட்டியது. வாழ்க்கையில் யாரும் என்னை இப்படி நம்பியதில்லை. நான் வேலை பார்த்த லாரிக் கம்பெனியே நம்பாமல் டயர் எண்ணும். எனக்கு அந்த வேலை பிடித்துப் போயிற்று.

பிடித்துப் போனால் நான் சும்மா இருப்பேனா? ப்ரான்வினிடம் போகும்போதெல்லாம் கேள்வி கேட்டேன். கழுத்தைச் சுற்றிக் கம்பு தானியம் தூவிய மாதிரி சின்னச் சின்னப் பொருக்கு இருந்தால் தெள்ளுப்பூச்சிக் கடியின் ஒவ்வாமையாக இருக்கலாம். தாடையில் கறுப்புப் புள்ளிகள் என்றால் பருவாக இருக்கலாம், தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றிப் பார். வட்டமாக முடி கொட்டினால் படையாக இருக்கலாம், உன் கையையும் கழுவு. எல்லாம் நோட்டில் ஏறியது.

ஏப்ரல் மாதம் பக்கத்து வீட்டு டல்சி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அலறினாள். டல்சி ஓய்வு பெற்ற நீச்சல் பயிற்சியாளர். எழுபது வயதிலும் குரல் குளத்தின் மறுகரை வரைக்கும் போகும்.

"நெவில்! டாஃபி உதட்டுல கறுப்பு கறுப்பா புள்ளி வந்திருக்கு! போச்சு! என் பிள்ளை போச்சு!"

கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். டாஃபி ஆரஞ்சு நிறக் கிழவன். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். தடவிப் பார்த்தேன். தட்டையாக இருந்தது. மேடு இல்லை, பொருக்கு இல்லை, ரத்தம் இல்லை.

"மச்சம்" என்றேன்.

"என்னது?"

"மச்சம், டல்சி. ஆரஞ்சுப் பூனைக்கு வயசானா உதட்டுல இப்படி வரும். டாஃபி மிச்சம் இருக்கும், பயப்படாதே. இருந்தாலும் நான் சொன்னேன்னு விட்டுடாம ப்ரான்வின்கிட்ட ஒரு தடவை காட்டிடு."

ப்ரான்வினும் அதையே சொன்னாள். டல்சி அதைக் கிளப்பில் சொன்னாள். டல்சி கிளப்பில் சொன்னால் போவன் முழுக்கக் கேட்கும். அடுத்த சனிக்கிழமை என் வராந்தாவில் மூணு பூனைக் கூடை. அதற்கடுத்த வாரம் ஆறு. நான் வைத்தியம் எதுவும் பார்க்கவில்லை. பார்ப்பேன், அளப்பேன், "இது டாக்டர்கிட்ட போகணும்", "இதை இன்னும் ரெண்டு வாரம் கவனி" என்று பிரித்து அனுப்புவேன். போகும்போது எல்லாருக்கும் ஒரு வாக்கியம் சொல்லி அனுப்புவேன்.

"மூணு வாரத்துல ஆறலைன்னா அது வெறும் புண்ணு இல்ல. சேதி."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். ரேலீன் கதவோரம் நின்று பார்ப்பாள். "நல்லாச் சொல்றே" என்பாள். "இன்னொரு தடவை சொல்லு." எனக்கு உச்சி குளிரும். இன்னொரு தடவை சொல்வேன்.

மே மாதம் இரண்டாவது ஞாயிறு. பாவ்லாவின் இடது காது. போன வாரம் மூணு மில்லிமீட்டர், இந்த வாரம் அஞ்சு. பொருக்கின் ஓரத்தில் விரல் பட்டதும் ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது. பழைய போட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வரிசையாகப் பார்த்தால், யாரோ கொஞ்சம் கொஞ்சமாக நடந்து வருகிற மாதிரி இருந்தது.

"ரேலீன்" என்றேன். "ரேலீன், வா."

ஓடி வந்தாள். அன்றைக்கு நாங்கள் சண்டை போடவில்லை. கொசு என்று நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ப்ரான்வின் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் நின்றோம். துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். புத்துநோய்தான். ஆனால் ஆரம்பம். காதின் நுனிகளை வெட்டி எடுத்துவிட்டாள். வேறெங்கும் பரவவில்லை. பத்து நாள் கழித்து பாவ்லா வட்டக் காதுகளோடு கரடிக்குட்டி மாதிரி வீடு முழுக்க நடந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

"இன்னும் நாலு மாசம் விட்டிருந்தா வேற கதை" என்றாள் ப்ரான்வின். "நீங்க கவனிச்சதால பிழைச்சுது, நெவில்."

எனக்குக் கண்ணில் தூசி விழுந்தது. அதாவது, விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டேன். பாவ்லா காட்ட எனக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. "கண்ணுக்கு நேரா ஒரு புண்ணு இருக்கு, ஆறலை, வளருது. அதைப் பார்த்துட்டும் டாக்டர்கிட்ட போகாம ஒருத்தன் இருந்தான்னா, அவனைவிட மடையன் இந்தக் குயின்ஸ்லாந்துல உண்டா?"

"இருக்க மாட்டான்" என்றாள் ரேலீன். அத்தோடு நிறுத்திக்கொண்டாள். அந்த ரயில் நடுவழியில் நின்றது எனக்கு எச்சரிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். நான் இரண்டாவது தடவை சாசேஜ் போட்டுக்கொள்வதில் மும்முரமாக இருந்தேன்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. கூடைக்காரர்கள் எல்லாம் போயாயிற்று. டல்சி பூசணி ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டி சுட்டு எடுத்து வந்திருந்தாள். நாங்கள் மூணு பேரும் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"நெவ், ஒரு கேஸ் வந்திருக்கு" என்றாள் ரேலீன். "வெளியூர். போட்டோதான் அனுப்பியிருக்காங்க."

"கொடு" என்று கண்ணாடியை மாட்டினேன்.

திரை முழுக்க ஒரே தோல். அவ்வளவு நெருக்கத்தில் எடுத்திருந்தார்கள். ரோஜா நிறம், நடுவில் மஞ்சளாக ஒரு பொருக்கு, சுற்றி சிவப்பு வளையம், ஓரத்தில் காய்ந்த ரத்தம்.

"எந்த இடம்?"

"காது. மேல் ஓரம்."

"நிறம்?"

"வெள்ளை. வயசாக ஆக ரோஜாவாயிடுச்சு."

"ஆணா, பொண்ணா?"

"ஆண். கிழடு."

"எடை?"

"கூடத்தான்."

டல்சி இருமினாள். ஸ்கோன் தொண்டையில் சிக்கிவிட்டதாக நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"சாப்பாடு எடுக்குதா?"

"ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் வந்தா போதும், எங்க இருந்தாலும் வந்து நிக்கும்."

"பகல்ல என்ன பண்ணுது?"

"வெயில்ல படுத்துக் கிடக்குது. வாயைத் திறந்துட்டு."

"தொட விடுதா?"

"தொட்டா சீறுது."

"டாக்டர்கிட்ட போயிருக்கா?"

"அந்தப் பேரை எடுத்தாலே எதுக்காவது அடியில போய் ஒளிஞ்சுக்குது."

"புண்ணு எவ்வளவு நாளா இருக்கு?"

"போன ஆகஸ்ட்டுல இருந்து."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "பத்து மாசமா! என்ன ஜனங்க இவங்க! வீட்டுக்காரி யாரு? அவளுக்கு அறிவு இருக்கா?"

"இருக்கு" என்றாள் ரேலீன். "கொஞ்சம் கூடவே இருக்கு. அவ என்ன செய்வா? பிடிச்சா நழுவிடுது."

"பிடிக்கத் தெரியலைன்னு சொல்லு! துண்டுல சுத்தித் தூக்கிட்டுப் போகணும். நான் பாவ்லாவைத் தூக்கலையா?"

"இதையே எழுதிக் கொடேன். நீ எழுதினா அதுக்கு ஒரு மதிப்பு. கையெழுத்தும் போட்டுடு."

டல்சி மேஜைத் துணியின் நுனியைக் கடித்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்தாள். எனக்கு எழுதுகிற வேகத்தில் அதெல்லாம் கவனத்தில் படவில்லை. கங்காருவைக் கவனித்த கண்! நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்.

'பார்த்தேன். இது மூணு வாரத்துப் புண் அல்ல, பத்து மாதத்துப் புண். மிகவும் சந்தேகப்பட வேண்டியது. ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோகவும். சீறினாலும், ஒளிந்தாலும், சாக்குச் சொன்னாலும் விட வேண்டாம். பெரிய துண்டில் சுற்றித் தூக்கவும். இப்படிக்கு, நெவில்.'

"பூனை பேரை மேல போடணுமே. பேரு என்ன?"

"நெவில்" என்றாள் ரேலீன்.

"என் பேரையா வச்சிருக்காங்க!" என்று ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

டல்சி வெடித்தாள். குளத்தின் மறுகரையைத் தாண்டி, கடலின் மறுகரை வரைக்கும் கேட்கிற சிரிப்பு. ரேலீன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்டோவைப் பார்த்தேன். தாளைப் பார்த்தேன். என் கை தானாக மேலே போனது. வலது காது. லாரியில் முப்பத்துநாலு வருஷம் ஜன்னல் பக்கம் இருந்த காது. மேல் ஓரத்தில் விரல் பட்டது.

உப்புத்தாள்.

"இது... ஷேவ் பண்றப்போ..." என்று ஆரம்பித்தேன்.

"காதுலயா ஷேவ் பண்றே?"

"கண்ணாடிக் கம்பி உரசி..."

"கம்பி காதுக்குப் பின்னால போகுது. புண்ணு மேல இருக்கு."

"தானா..."

"ஆறிடும்னு சொல்லு. இப்போ சொல்லு பார்க்கலாம்." என் தாளை எடுத்து உரக்கப் படித்தாள். "'சாக்குச் சொன்னாலும் விட வேண்டாம். பெரிய துண்டில் சுற்றித் தூக்கவும்.' துண்டு எடுத்து வச்சிருக்கேன். பீச் துண்டு. டல்சியும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்னு சொல்லியிருக்கா."

"நான் கால் பக்கம்" என்றாள் டல்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எனக்குக் கோபம் வந்தது. மூணு மாதமாக ஊருக்கே புத்தி சொன்னவனை இப்படியா மடக்குவது? எதையாவது சுள்ளென்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ரேலீன் அந்த நீல நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கமிருந்து பிரித்து என் மடியில் வைத்தாள்.

முன்பக்கம் முழுக்க என் எழுத்து. பின்பக்கம் அவள் எழுத்து. அதே ஞாயிற்றுக்கிழமைகள். நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் தூங்குகிற நேரத்தில், பூனையை அளந்த அதே அளவுகோலால் என்னை அளந்திருக்கிறாள்.

'வலது காது. நாலு மி.மீ. சொன்னேன். வெயில்தான் என்றான்.'

'நாலரை. சொன்னேன். பேச்சை மாற்றினான்.'

'அஞ்சு. தலையணை உறையில் கறை.'

'ஆறு. இன்றைக்கு ரத்தம். எனக்குப் பயமாக இருக்கிறது.'

கடைசி வரியில் பேனா அழுந்தித் தாள் லேசாகக் கிழிந்திருந்தது. ரேலீனுக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். புயல் வந்து கூரையைப் பிய்த்தபோதுகூட, "அந்தப் பக்கம் எப்படியும் மாத்தணும்னு இருந்தேன்" என்றவள் அவள்.

"நேரா சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"பதினோரு தடவை சொன்னேன், நெவ். பதினோரு காரணம் சொன்னே. பூனைக்குன்னா மட்டும் ஓடினே. சரி, புண்ணை எப்படிப் பார்க்கணும்னு பூனையை வச்சுக் கத்துக்கட்டும்னு விட்டேன். இல்லாட்டி பாவ்லா காதைப் பார்க்க எனக்குக் கண்ணாடிகூட வேண்டாமே."

டல்சி சத்தமில்லாமல் எழுந்து டீப்பாத்திரத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். டல்சி சத்தமில்லாமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

"திங்கட்கிழமை, பத்து மணி. மூணு வாரம் முன்னாடியே டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சுட்டேன்."

தோல் டாக்டர் டெவனிஷ் ஒல்லியான மனுஷர். பூதக்கண்ணாடியை என் காதில் ஒட்ட வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. பேசாத டாக்டரைப் போல பயங்கரம் வேறில்லை. பூனைகள் ஏன் அந்த மேஜை மேல் நடுங்குகின்றன என்று அப்போது புரிந்தது.

"இதை யார் கண்டுபிடிச்சது?" என்றார்.

"நான்தான்" என்றேன். பொய் இல்லையே.

"எழுதியே கொடுத்திருக்கார்" என்று ரேலீன் அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். டெவனிஷ் படித்தார். இரண்டு தடவை படித்தார். "நான் எழுதினாலும் இதைத்தான் எழுதியிருப்பேன், துண்டைத் தவிர" என்றார்.

காதில் எடுத்த துணுக்கின் சோதனை முடிவு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் நான் நல்ல பிள்ளை. ரேலீன் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். பாவ்லா என்னை விட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அது என் மடியில் ஏறியது, ரேலீன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் இரண்டு பேரையும் வரிசையாகப் பார்த்தாள். அவள் விரல் என் தலையை வகிர்ந்தபோது நான் சீறவில்லை. யாரோ ஒருத்தர் நம் மேல் கண் வைத்திருக்கிறார்கள் என்பது எவ்வளவு சுகம் என்று அந்தப் பூனைக்கு என்னைவிட நாலு மாதம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

முடிவு வந்தது. புத்துநோய். நல்லவேளை, காதைத் தாண்டவில்லை. "இதே காதை அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கொண்டு வந்திருந்தீங்கன்னா கழுத்துல இருந்து ஆரம்பிச்சிருப்பேன்" என்றார் டெவனிஷ். காதின் மேல் ஓரத்திலிருந்து கேக் மாதிரி ஒரு துண்டை வெட்டி எடுத்து ஒன்பது தையல் போட்டார். எங்கள் வீட்டில் மொத்தம் ஆறு காது. அதில் மூணுக்கு ஓரம் கிடையாது.

அறுவை முடிந்த மூணாம் நாள் காலை. வராந்தாவில் ரேலீன் புதிதாக நிழல் துணி கட்டியிருந்தாள். தூரத்தில் கடல் பளபளத்தது. எனக்குத் தலையைச் சுற்றிக் காது மேல் தடிமனாகக் கட்டு. மடியில் பாவ்லா. ரேலீன் வந்து என் வலது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

விடிந்ததிலிருந்து ஒரு பேச்சைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். லாரிக்காரன் பேச்சு, அலங்காரம் இருக்காது. ஆனால் முப்பத்தெட்டு வருஷத்தில் அவளிடம் நன்றி என்று நேராகச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. இன்றைக்குச் சொல்லாவிட்டால் பிறகு சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"ரேலீன்" என்றேன். "நான் இங்க உட்கார்ந்து கடலைப் பார்த்துட்டு இருக்கேன்னா அது உன்னாலதான். நீ என்னை ஏமாத்தினதுக்கு நன்றி. அளந்து பார்த்ததுக்கு நன்றி. பயந்ததுக்கும் நன்றி. இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

ரேலீன் பாவ்லாவின் முதுகை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள். பிறகு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, ரொம்ப மெதுவான குரலில் என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். நாலைந்து வாக்கியம் இருக்கும். கண் நிறைந்து வழிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் சொன்னதிலேயே மிக அழகான வார்த்தைகள் அவைதான் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அவள் உட்கார்ந்திருந்தது கட்டுப் போட்ட பக்கம்.

"என்ன சொன்னே?" என்றேன்.

ரேலீன் திரும்பி என்னைப் பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. குப்பைத் தொட்டியைத் தெருவுல வைக்கச் சொன்னேன்."

அன்று திங்கட்கிழமை. குப்பை வண்டி வருவது வியாழக்கிழமை. எழுந்து போய் வைத்தேன்.